ஒன்பதாம் நம்பர் கூடு

முட்டை விஷயத்தில் சகாயசெல்வியிடம் யாரும் வாய் கொடுக்க முடியாது. வில்லியனூரைத் தாண்டி இருந்த, கோழிக்குஞ்சு பொரிக்கிற ஒரு ஹேச்சரியில் பதினோரு வருஷம் வேலை பார்த்தவள். மெஷினில் அடைவைத்த முட்டைகளை வெளியே எடுத்து, விளக்கில் காட்டிப் பார்த்து, உயிருள்ளது இந்தப் பக்கம், செத்தது அந்தப் பக்கம் என்று பிரிக்கிற வேலை. மற்றவர்கள் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். இவள் உள்ளங்கையில் வைத்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாள்: "இது போச்சு. தூக்கிப் போடு." அவள் போச்சு என்றால் போச்சுதான். மேனேஜர்கூட இன்னொரு தடவை பார்க்கச் சொன்னதில்லை.

அந்த ஹேச்சரியை மூடியபின் ஒன்றரை வருஷம் நெல்லித்தோப்பு வீட்டில் சும்மா இருந்தாள். சும்மா இருப்பது அவளுக்கு வராது. வீட்டிலிருந்த கணவனையும் பாத்திரங்களையும் மாற்றி மாற்றி அதட்டிக்கொண்டிருந்தாள். ஏசி மெக்கானிக்கான கணவன் லூர்துபிரகாஷ் ரெட்டியார்பாளையத்தில் டைல்ஸ் கடைக்கு மேலே ஒரு ஆபீசுக்கு ஏசி மாட்டப் போனபோது, அது பறவை ஆராய்ச்சி செய்கிற இடம் என்றும், கூட்டையும் முட்டையையும் பார்த்துக் குறிப்பெழுத ஆள் தேடுகிறார்கள் என்றும் தெரிந்துகொண்டு வந்து சொன்னான். தன் நிம்மதிக்காகத்தான் சொன்னான் என்று இன்றைக்கும் அவள் நம்புகிறாள்.

ஆபீசை நடத்துகிற டாக்டர் பிரிஸ்கில்லா ஐம்பது வயதுக்காரர். சிரிப்பைச் சிக்கனமாகச் செலவழிக்கிறவர். செல்வியிடம் நாலு கேள்வி கேட்டார். ஐந்தாவது கேள்வியை செல்விதான் கேட்டாள்: "எந்தக் கோழி மேடம்?"

"கோழி இல்ல. மலைப் பறவைங்க. சிக்கிம்ல, பன்னெண்டாயிரம் அடிக்கு மேல."

வேலை இதுதான். அங்கே மலையில் ஆராய்ச்சியாளன் ஃபஹீம், உள்ளூர்க்காரர் பெம்பாவுடன் கூடாரம் அடித்துத் தங்கியிருந்தான். கூடு கண்டுபிடித்தால் எதிரே ஒரு சின்னக் கேமராவையும், முட்டைகளுக்கு நடுவில் சூடு பார்க்கும் பாசிமணி அளவிலான கருவி ஒன்றையும் வைத்துவிடுவார்கள். பக்கத்துப் பட்டாளத்து முகாமுக்கு டவர் இருந்ததால், அரை மணிக்கு ஒரு படமும் சூட்டின் அளவும் புதுச்சேரிக்கு வந்து சேரும். முழு வீடியோ கேமராவுக்குள் இருக்கும் கார்டில் பதிவாகும். அதைப் பிறகு கழற்றித்தான் அனுப்புவார்கள். செல்வி மாடியில் உட்கார்ந்து, தாய் எப்போது எழுந்து போனது, எப்போது திரும்பியது, முட்டை எத்தனை டிகிரி என்று எழுத வேண்டும்.

சித்திரை வெயிலில் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே படியேறி வந்து உட்கார்ந்தால், திரையில் பனி பெய்யும். கையகலப் பறவை ஒன்று தலையிலும் முதுகிலும் பனி படிய, கண்ணை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு முட்டை மேல் உட்கார்ந்திருக்கும். முதல் நாள் இதைப் பார்த்தபோது, போர்வை எடுத்துக் கொடுக்கலாமா என்று கை பரபரத்தது.

போகப் போக அவளுக்கு அந்த மலைப் பிழைப்பு பிடிபட்டது. கீழே இருக்கிற பறவை வருஷத்தில் இரண்டு மூன்று தடவை குஞ்சு பொரிக்கும். மேலே அதற்கெல்லாம் நேரம் கிடையாது. பனி உருகுவதற்கும் மறுபடி விழுவதற்கும் நடுவில் கிடைக்கிற சில வாரங்களில் எல்லாம் முடிந்தாக வேண்டும். ஆகவே முட்டை குறைவு, கவனிப்பு அதிகம். பாறை இடுக்கு, வேர்ப் பொந்து என்று காற்றுப் படாத பக்கமாகப் பார்த்துக் கூடு வைக்கும். உள்ளே பாசியும் ரோமமும் இறகும் மெத்தையாகப் போட்டிருக்கும். காற்று லேசான இடத்தில் முட்டைக்குள் ஈரம் சீக்கிரம் வற்றும் என்று ஃபஹீம் போனில் சொன்னபோது, "அதுக்குத்தான் நாங்க ஹேச்சரில மெஷினுக்குள்ள தண்ணி அடிப்போம்" என்று அவள் சொன்னாள். அவனுக்கு ஆச்சரியம். அதிலிருந்து அவன் அவளை 'முட்டை டாக்டர்' என்று கூப்பிடத் தொடங்கினான். செல்வி வெளியே சலித்துக்கொண்டு உள்ளே மகிழ்ந்தாள்.

ஒரு நாள் பிரிஸ்கில்லா கேட்டார்: "தாய் திரும்பி வரலன்னா, எவ்ளோ நேரம் கழிச்சு அது கூட்ட விட்டுடுச்சுன்னு எடுத்துக்கலாம்?"

"நாலு மணி நேரம் மேடம்" என்றாள் செல்வி, யோசிக்கவே இல்லை. "அதுக்குள்ள சூடு இருவதுக்குக் கீழ போச்சுன்னா அவ்ளோதான். ஹேச்சரில ஒரு தடவை ஜெனரேட்டர் நின்னு மொத்த முட்டையும் ஜில்லுன்னு ஆயிடுச்சு. எல்லாத்தையும் குழி வெட்டிப் பொதச்சோம். விட்டுட்டுப் போனவ வர மாட்டா மேடம். காத்திருந்தா நரிதான் வந்து திங்கும்."

அதுவே ஆபீஸ் சட்டமாயிற்று. நாலு மணி நேரம் ஆனால் 'கைவிடப்பட்டது'; அதோடு அந்தக் கூட்டின் படமும் புதுச்சேரிக்கு வருவது நிற்கும். உடனே மேலே இருப்பவர்கள் போய் முட்டைகளை எடுத்து வந்து, எந்த வளர்ச்சியில் குஞ்சு செத்தது என்று உடைத்துப் பார்ப்பார்கள். அதற்கு முறையாக அனுமதி வாங்கியிருந்தார்கள்.

விட்டுட்டுப் போனவ வர மாட்டா. இதைச் சொல்லும்போது செல்வியின் குரலில் ஒரு காரம் ஏறும். அது பறவையைப் பற்றியது மட்டும் அல்ல.

அவளுக்கு ஒன்பது வயதில் அப்பா காய்ச்சலில் போய்விட்டார். அம்மா ஃபாத்திமா மேரியை, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த ஒரு சொல்தா குடும்பம், பாரிசுக்குப் பக்கத்தில் தங்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அழைத்துப் போயிற்று. இரண்டு வருஷம் என்று சொல்லித்தான் போனாள். காகிதம் சரியில்லை, லீவு இல்லை என்று அது எட்டு வருஷம் ஆயிற்று. செல்வியைப் பெரியம்மா வளர்த்தாள். ஊரான் பிள்ளைக்குத் தலைவாரிப் பள்ளிக்கூடம் அனுப்பிய அம்மாவின் குரல், மாதம் ஒரு தடவை மேஸ்திரி வீட்டுப் போனில் கேட்கும். பதினொரு வயதுக்குப் பிறகு அந்தப் போனுக்கும் செல்வி போவதில்லை.

அம்மா திரும்பி வந்த நாள், வில்லியனூர் மாதா கோயில் தேர். அன்றைக்குத்தான் வருகிறாள் என்று செல்விக்குத் தெரியும். பதினேழு வயது. காலையிலேயே தலையில் பூ வைத்துக்கொண்டு தோழிகளோடு தேர் பார்க்கக் கிளம்பிவிட்டாள். இருட்டிய பிறகுதான் வந்தாள். பக்கத்து வீட்டு மணியம்மாள் வாசலிலேயே பிடித்துக்கொண்டு, "ஒங்கம்மா வந்ததுல இருந்து பெட்டியக்கூடத் தொறக்காம கட்டில்லயே உக்காந்திருந்துச்சுடி" என்றாள். செல்வி கை கால் கழுவிக்கொண்டு சாப்பிடப் போனாள். இப்போது அம்மா பிள்ளைச்சாவடியில் பெரியம்மா மகன் வீட்டை ஒட்டிய ஒரு அறையில் இருக்கிறாள். கிறிஸ்துமசுக்கு ஒரு தடவை, ஈஸ்டருக்கு ஒரு தடவை போய் கேக்கைக் கொடுத்துவிட்டு, "உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டு வருவாள். அதற்கு மேல் இருவருக்கும் பேச்சு இல்லை.

மே முதல் வாரத்தில் ஃபஹீம் ஒன்பதாம் நம்பர் கூட்டைக் கண்டுபிடித்தான். அதுவரை பார்த்ததெல்லாம் சிட்டும் குருவியும். இது கோழி ஜாதி. ஆணின் நெஞ்சிலும் வாலிலும் ரத்தம் தெறித்த மாதிரி சிவப்பு. பெண்ணுக்கு அந்த ஆடம்பரம் கிடையாது, காய்ந்த இலை நிறம். ஆபீசில் அதற்கு ரத்தக் கோழி என்று பேர் வைத்தார்கள். மர வேரின் கீழே பொந்து மாதிரி இடத்தில் ஐந்து முட்டை. சாயங்காலம் தாய் மேயப் போயிருந்த நேரம் பார்த்து ஃபஹீம் கேமராவை மாட்டினான். செல்விக்கு வீட்டு விசேஷம் மாதிரி இருந்தது. சிட்டுக்குருவிகளிடம் அவளுக்கு மரியாதை உண்டு. ஆனால் கோழி என்றால் அது சொந்தம்.

மறுநாள் காலை ஐந்தரைப் படத்திலேயே தாய் இல்லை. ஆறரைக்குப் படம்: முட்டைகள் மட்டும். ஏழு, எட்டு, ஒன்பது. முட்டைகள் மட்டும். சூடு முப்பத்தி ஐந்திலிருந்து இறங்கி இருபது, பதினாலு, ஒன்பது என்று வந்தது. அடைக் கோழி ஒரு நாளைக்குக் கால் மணி நேரம் எழுந்து போனாலே செல்விக்குப் பொறுக்காது. இது நாலு மணி நேரம். திரையைப் பார்த்து, "போயிட்டியாடி நீ" என்று வாய்விட்டுச் சொன்னாள். ஒன்பதே முக்காலுக்கு 'கைவிடப்பட்டது' என்று குறித்து, பக்கத்துக் கூடுகளைப் பார்க்க மேலே ஏறியிருந்த ஃபஹீமுக்குச் செய்தி அனுப்பினாள். குறிக்கும்போது அவளுக்குக் கொஞ்சம்கூடச் சந்தேகம் இல்லை. சரியாகச் சொல்வதென்றால், ஒரு திருப்திகூட இருந்தது.

மதியம் ஒன்றரைக்குப் போன் வந்தது. அவள் சோற்று டப்பாவைத் திறந்து வைத்திருந்தாள்.

"அக்கா." ஃபஹீமுக்கு மூச்சு வாங்கியது. "முட்டைங்கள கேம்ப்புக்கு எடுத்தாந்தேன். ஒண்ண ஒடச்சேன். உள்ள துடிக்குதுக்கா."

"இன்னா துடிக்குது?"

"நெஞ்சு. பச்சப்பயிறு அளவு இருக்குது. துடிச்சுக்கிட்டே இருக்குது. அக்கா, நான் இன்னாக்கா பண்ணுவேன்?"

செல்வி டப்பாவைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "மீதிய எடுத்துட்டு ஓடு. கூட்டுல வெச்சுட்டு வா. ஓடு ஃபஹீம்."

ஏற்றம் இரண்டு மணி நேரத்துக்கு மேல். அவன் நாலு முட்டைகளையும் கம்பளித் தொப்பியில் சுற்றி, சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு ஏறினான். நாலு மணிக்குக் கூட்டில் வைத்தான். தாய் அங்கே இல்லை. அன்று ராத்திரியும் வரவில்லை, மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் அந்த நாலும் உண்மையிலேயே செத்தன.

"ரிப்போர்ட்ல இன்னாக்கா எழுதட்டும்?" என்று கேட்டான் அவன்.

அப்போது அவள் சொல்லியிருக்க வேண்டியதை அவள் நன்றாகவே அறிவாள். சொல்லவில்லை. "கைவிட்டதுன்னுதான நான் குறிச்சேன். அப்படியே எழுது" என்றாள். "ஒடச்சதப் பத்தி மேடம்கிட்ட பேச வேணாம். ஏதோ அந்த ஒண்ணுல மட்டும் சூடு தங்கியிருந்திருக்கும்." ஃபஹீம் சரி என்று போனை வைத்தான். அதற்குப் பிறகு அவன் அவளை முட்டை டாக்டர் என்று கூப்பிடவில்லை. அது அவளுக்கு உறுத்தியது.

ஜெனரேட்டர் நின்ற அன்று குழியில் கொட்டிய முட்டைகள் கனவில் வந்தன. அவற்றில் எத்தனை துடித்துக்கொண்டிருந்தனவோ என்ற நினைப்பு, பாத்திரம் தேய்க்கும்போதும், பூசைக்குப் போய் முழங்காலில் நிற்கும்போதும் வந்து குத்தியது. "இன்னா ஆச்சு ஒனக்கு, திட்டக்கூட மாட்டேங்கற?" என்று லூர்துபிரகாஷ் கேட்டான். ஒன்றுமில்லை என்றாள்.

இதற்கிடையில் பிரிஸ்கில்லா ஒரு காரியம் செய்திருந்தார். செல்வியின் கணக்கு அவ்வளவு நன்றாக இருக்கிறது என்று, அதைக் கம்ப்யூட்டரிலேயே ஏற்றிவிட்டார். இனி யாரும் குறிக்க வேண்டியதில்லை. கூடு நாலு மணி நேரம் காலியாகக் கிடந்து சூடும் இறங்கினால், மேலே இருப்பவர் போனுக்கு 'எடு' என்று தானாகவே செய்தி போகும். "நீங்க லீவு போட்டாலும் உங்க மூளை இங்க வேலை செய்யும், செல்வி" என்றார். தன் சிக்கனச் சிரிப்பில் ஒன்றை அன்றைக்கு அவளுக்கென்று செலவழித்தார். செல்வியும் சிரித்து வைத்தாள்.

மே இருபத்தி இரண்டாம் தேதி, பதினாலாம் நம்பர் கூடு. மறுபடியும் ரத்தக் கோழி. ஆறு முட்டை. ஃபஹீம் மலைக் காய்ச்சலில் படுத்து, கீழே டவுனுக்கு இறக்கப்பட்டிருந்தான். மேலே பெம்பா மட்டும். நேர்மையான மனிதர், செய்தி வந்தால் செய்கிறவர், அவரோடு பேச செல்விக்கு இந்தி தெரியாது.

மறுநாள் காலை ஐந்தரைக்குத் தாய் போய்விட்டது. செல்வி எட்டரைக்கு ஆபீசுக்கு வந்தபோது திரையில் ஆறு முட்டைகள் தனியாகக் கிடந்தன. பதினொரு டிகிரி. ஒன்பதரைக்குச் செய்தி போகும்.

பிரிஸ்கில்லா மேஜைக்குப் போய் நின்றாள். "மேடம், இந்தக் கூட்டுக்கு மட்டும் கொஞ்சம் பொறுத்துப் பாக்கலாமா?"

"ஏன்?"

"சும்மாதான் மேடம். கோழி ஜாதி இல்ல. கொஞ்சம் மெதுவா..."

"கோழி ஜாதிய வெச்சுத்தான நீங்க நாலு மணி நேரம்னு சொன்னீங்க? மூணாம் கூட்டுல பொறுத்ததுக்கு என்ன ஆச்சு? கீரி மாதிரி ஒண்ணு வந்து எல்லாத்தையும் முழுங்கிட்டுப் போச்சு." அவர் மறுபடி தன் காகிதத்தைப் பார்த்தார்.

செல்வி தன் நாற்காலிக்குத் திரும்பி வந்தாள். ஒன்பது மணி. ஒன்பது டிகிரி. பொய்யை வைத்துக்கொண்டால் ஆறு முட்டையும் போகும். உண்மையைச் சொன்னால் தன் பேர் போகும், வேலையும் போகலாம். பேர் என்றால் அவளுக்குச் சாதாரணம் இல்லை. படிப்பு பன்னிரண்டோடு நின்றவளிடம் டாக்டர் பட்டம் வாங்கியவர்கள் வந்து கேட்டுக்கொண்டு போகிற ஒரே ஒரு விஷயம் அது. பதினொரு வருஷத்தில் ஒரு முட்டையைக்கூட யாரும் இரண்டாம் தடவை பார்க்கச் சொல்லாத பேர். கடிகாரம் ஒன்பது இருபத்தி எட்டு காட்டியது. எழுந்தாள்.

"மேடம், நான் ஒரு பொய் சொல்லிட்டேன்" என்றாள். "ஒம்பதாம் கூட்டு முட்டை சாகல. ஃபஹீம் ஒடச்சப்ப உயிர் இருந்துச்சு. நான்தான் எழுத வேணாம்னேன். அந்தப் புள்ள மேல தப்பில்ல. இத நிறுத்துங்க மேடம். நான் காலுல வேணா விழறேன், நிறுத்துங்க."

பிரிஸ்கில்லா அவளை நிமிர்ந்து பார்த்தார். திட்டவில்லை. கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி மளமளவென்று தட்டினார். செய்தி அதற்குள் போய்விட்டிருந்தது. பிறகு பெம்பாவுக்குப் போன் போட்டார். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டார். மூன்றாம் தடவை எடுத்தார். இந்தியில் இரண்டே வாக்கியம். வைத்துவிட்டு, "கிளம்பிட்டாராம். திரும்பச் சொல்லிட்டேன்" என்றார். அப்போது மணி ஒன்பது முப்பத்தி ஐந்து.

"உக்காருங்க" என்றார். செல்வி உட்கார்ந்தாள். இருவரும் ஒரே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பத்து மணி. எட்டு டிகிரி. பத்தரை. ஏழு. கீழே டைல்ஸ் அறுக்கிற மெஷின் போட்ட கூச்சலில் ஜன்னல் அதிர்ந்தது. பதினொன்று. முட்டைகள் மட்டும். செல்வி மனசுக்குள் அருள் நிறை மரியே ஜெபம் சொல்லத் தொடங்கி, பாதியில் எந்த இடம் என்று மறந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். பதினொன்றரை. முட்டைகள் மட்டும்.

பன்னிரண்டு மணிப் படத்தில் பொந்து நிறைய காய்ந்த இலை நிறம். இறகைப் பரப்பி, கழுத்தைச் சுருக்கி, எங்கேயும் போகாதவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள் தாய். வெளியே பாறை மேல் ஆண் காவல் நின்றது. செல்வி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

மறுநாளும் அப்படியே போயிற்று, அப்படியே வந்தது. அதற்கடுத்த நாளும். விடிந்ததும் கிளம்பினால் மதியம்தான் திரும்புகிறது. பிரிஸ்கில்லா பழைய ஆராய்ச்சிகளைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அவளுக்கு அங்க தின்னக் கெடைக்கிறது பாசியும் தழையும்தான். அதுல சத்து இல்ல. ஆறு மணி நேரம் மேஞ்சாத்தான் மீதி பதினெட்டு மணி நேரம் பட்டினியா உக்காந்து அந்தக் குளிர்ல சூடு கொடுக்க முடியும். ஆண் அடைகாக்காது. அதனால தினமும் விட்டுட்டுத்தான் போயாகணும். அந்த முட்டையும் அதுக்கேத்த மாதிரி ஜில்லுன்னு ஆனாலும் உயிரப் புடிச்சுக்கிட்டுக் கெடக்குது. இருபத்தோரு நாள்ல பொரிக்க வேண்டியது முப்பத்தேழு நாள் எடுத்துக்குது." கொஞ்சம் நிறுத்தி, "இது எனக்கே தெரிஞ்சிருக்கணும். தேடாம உங்க கணக்க ஏத்துனது என் தப்பு. பொய் எழுதச் சொன்னது உங்க தப்பு. ரெண்டையும் எழுதிக் கொடுத்துடலாம்" என்றார்.

எழுதிக் கொடுத்தார்கள். வேலை போகவில்லை. ஆனால் இனி எந்தக் கூட்டிலும் முடிவு சொல்கிற உரிமை செல்விக்கு இல்லை. நேரமும் டிகிரியும் மட்டும் எழுதினால் போதும். அவள் தலையாட்டினாள். ஜூன் கடைசியில் பதினாலாம் கூட்டில் ஆறில் ஐந்து பொரித்தது. ஈரம் காய்ந்ததும் குஞ்சுகள் தாயின் பின்னாலேயே நடந்து போய்விட்டன. ஆபீசில் லட்டு வாங்கினார்கள். செல்வி பாதியைச் சாப்பிட்டுவிட்டு மீதியைக் காகிதத்தில் மடித்து வைத்தாள்.

ஜூலையில், பெட்டி பெட்டியாகக் கார்டுகள் வந்து சேர்ந்தன. ஒன்பதாம் நம்பரை வேறு யாருக்காவது கொடுக்கிறேன் என்றார் பிரிஸ்கில்லா. "இல்ல மேடம், அது என்னுது" என்றாள் செல்வி.

வீடியோவில் காலை பத்தே காலுக்கு ஃபஹீமின் கை வந்து முட்டைகளை எடுத்தது. கை போன பிறகு கூடு வெறும் பாசியாகக் கிடந்தது. வேகமாக ஓட்டியிருக்கலாம். ஓட்டவில்லை. பதினொன்று நாற்பத்தி எட்டுக்குத் தாய் வந்தது. வேர் ஓரமாக நின்று உள்ளே பார்த்தது. தலையை ஒரு பக்கம் சாய்த்து, மறுபக்கம் சாய்த்துப் பார்த்தது. அலகால் பாசியைக் கிளறியது. பிறகு உள்ளே ஏறி, இறகை விரித்து, ஒன்றுமில்லாத கூட்டின் மேல் உட்கார்ந்தது.

உட்கார்ந்தே இருந்தது. நடுவில் ஒரு தடவை எழுந்து, வயிற்றுக்குக் கீழே குனிந்து பார்த்துவிட்டு, மறுபடி உட்கார்ந்தது. இரண்டு மணி நாற்பது நிமிஷம். பிறகு எழுந்து போயிற்று. ஃபஹீம் மூச்சிரைக்க வந்து முட்டைகளை வைத்தது அதற்கப்புறம் ஒன்றரை மணி நேரம் கழித்து.

செல்வி படிவத்தில் எழுதினாள்: வந்த நேரம் 11.48. போன நேரம் 2.28. கடைசிக் கட்டத்தில் 'கைவிடப்பட்டது' என்று ஏற்கெனவே தான் எழுதி வைத்திருந்ததைப் பார்த்தாள். அதை அடிக்க இப்போது அவளுக்கு உரிமை இல்லை. பிரிஸ்கில்லாவைக் கூப்பிட்டு அடிக்கச் சொன்னாள். பேனாவை மூடினாள். அரை நாள் லீவு வேண்டும் என்றாள்.

பிள்ளைச்சாவடி அறையில் அம்மா டிவியில் பிரெஞ்சுச் செய்தியைச் சத்தமாக வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். கிறிஸ்துமசும் இல்லை, ஈஸ்டரும் இல்லை, மகள் வாசலில் நிற்கிறாள். பயந்து எழுந்தாள். "இன்னா செல்வி? லூர்துக்கு ஏதாவது..."

"ஒண்ணும் இல்ல. உக்காரு." தானும் கட்டிலில் உட்கார்ந்தாள். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தது ஒன்றும் வரவில்லை. "நீ வந்த அன்னிக்கி எவ்ளோ நேரம்மா உக்காந்திருந்த?"

எந்த அன்றைக்கு என்று அம்மா கேட்கவில்லை. "தேர் நெலைக்கு வர்ற வரைக்கும்" என்றாள். "வேட்டுச் சத்தம் கேட்டுது. சரி, இனிமே புள்ள வந்துடும்னு எழுந்து ஒல வெச்சேன்."

"பெட்டியக்கூடத் தொறக்கலன்னு மணியம்மா சொல்லுச்சு."

"இன்னாத்தத் தொறக்கறது? வருஷத்துக்கு ஒண்ணா ஒனக்கு கவுனு வாங்கி வெச்சிருந்தேன். ஒம்பது வயசுக்கு, பத்து வயசுக்குன்னு கடைக்காரிகிட்ட சொல்லிச் சொல்லி. அங்கருந்து கெளம்பறப்ப சந்தோஷமா இருந்துச்சு. இங்க கட்டில்ல உக்காந்தப்புறம்தான் தோணுச்சு, ஒண்ணும் இனிமே ஒனக்குச் சேராதுன்னு. ராத்திரி நீ தூங்கனப்புறம் கடைசியா வாங்குன நீலத்த மட்டும் எடுத்து வெளிய வெச்சேன்."

அந்த நீலக் கவுனை மறுநாளே மணியம்மாள் மகளிடம் தூக்கிக் கொடுத்தது செல்விக்கு நினைவு வந்தது. "மத்ததெல்லாம்?" என்றாள்.

அம்மா கட்டிலுக்குக் கீழே கையைக் காட்டினாள்.

செல்வி தரையில் உட்கார்ந்து அந்தப் பழைய பெட்டியை இழுத்தாள். பூட்டு துரு ஏறியிருந்தது. அம்மா மேலிருந்து குனிந்து, அதைத் திறக்கிற விதத்தைச் சொன்னாள். உள்ளே ஏழு கவுன்கள், மடிப்புக் கலையாமல். எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது மிகச் சின்னது, மஞ்சளில் வெள்ளைக் காலர். செல்வி அதை இரண்டு உள்ளங்கையிலும் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"போச்சுன்னு நெனச்சிட்டேம்மா" என்றாள். "நான்தான் அவசரப்பட்டுட்டேன்."

அம்மா டிவியை நிறுத்திவிட்டு, மகளுக்குப் பக்கத்தில் தரையில் வந்து உட்கார்ந்தாள்.